வலைமேல் வலை

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போக டீசலும் ஐஸும் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். படகின் பதிவுச் சான்று, படகில் போகிறவர்களின் மீனவர் அடையாள அட்டை, ஆதார் நகல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால், நிவாரணத்துக்காக வங்கிப் புத்தகத்தின் நகல். பாக் நீரிணையில் படகு பிடிபட்டுவிட்டால் காகித வேலை இன்னும் கூடும். எந்தப் படகு, யார் யார் போனார்கள், ஒவ்வொருவர் முகமும் அடையாளம் தெரிகிற படம் எங்கே என்று கேள்விகள் வரும். இவற்றோடு காதணி விழா அழைப்பிதழ், கந்தூரி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. இந்தக் கடற்கரை ஊர்களில் இவை பெரும்பாலும் ஜெராக்ஸ் கடை மேசைமேல் இருக்கிற கலர் லேசர் பிரிண்டரிலிருந்துதான் வெளியே வருகின்றன.

அப்படி வந்த ஓர் ஆதார் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசி கேமராவைப் படத்தின்மேல் நெருக்கிப் பிடித்துப் பெரிதாக்குங்கள். முதலில் கன்னம் தெரியும், பிறகு கன்னத்தில் சொரசொரப்பு தெரியும். இன்னும் நெருங்கினால் கன்னம் மறைந்து, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கும். தோலின் நிறத்தில் அங்கே ஒரு புள்ளிகூட இருக்காது.

பிரிண்டருக்குள் நான்கு பொடிகள்தான் உண்டு. சியான் என்கிற பச்சை கலந்த நீலம், மஜென்டா என்கிற கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு பொடியையும் ஓர் இடத்தில் வைக்கலாம் அல்லது வைக்காமல் விடலாம். பாதியளவு வைக்க அதற்குத் தெரியாது. வெளிர் நீலம் வேண்டுமென்றால் நீலப் பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்க முடியாது. நீலத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் போட்டு, இடையே தாளின் வெள்ளையை விட்டுவைக்கிறது பிரிண்டர். கலக்கிற வேலையை உங்கள் கண் செய்கிறது. இந்த முறைக்குத்தான் ஹாஃப்டோன் என்று பெயர். பிரிண்டரின் செட்டிங் பக்கத்தில் அந்தப் பெயருக்கு எதிரே இருக்கிற ஒரு சின்னத் தேர்வு, ஒரு முகம் முகமாக வருமா கோடுபோட்ட சுவராக வருமா என்பதை முடிவு செய்கிறது. பெரும்பாலான கடைகளில் அதை யாரும் தொட்டதே இல்லை. அது என்ன செய்கிறது என்று எவரும் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். வழக்கமான அலுவலக லேசர் பிரிண்டர் அங்குலத்துக்கு 600 பிக்சல் வரைகிறது. ஒரு பிக்சலின் அகலம் 0.042 மில்லிமீட்டர். வாசிக்கும் தூரத்தில், அதாவது முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும்போது நல்ல கண் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். தனிப் பிக்சல் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் தனிப் பிக்சலை வைத்துச் சாம்பல் நிறம் செய்ய முடியாது. பல பிக்சல்களை ஒரு கட்டமாகச் சேர்த்து, அந்தக் கட்டத்தில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதைக் கொண்டுதான் செய்ய வேண்டும். 4-க்கு 4 கட்டத்தில் 16 பிக்சல். ஒன்றும் நிரப்பாத வெள்ளையையும் சேர்த்தால் 17 படிகள் கிடைக்கும். அங்குலத்துக்கு 150 கட்டங்கள் வரிசையாக வரும். அச்சுத் தொழிலில் இதை 150 லைன் ஸ்கிரீன் என்பார்கள். கட்டத்தை 10-க்கு 10 ஆக்கினால் 101 படிகள் கிடைக்கும், ஆனால் ஸ்கிரீன் 60 லைனுக்கு இறங்கிவிடும். புள்ளிகள் கண்ணில் உறுத்தும். 256 படிகள் வேண்டுமென்று 16-க்கு 16 கட்டம் போட்டால் அங்குலத்துக்கு 37 கட்டங்கள்தான். அப்போது மூக்கு எது, மீசை எது என்று தேட வேண்டியிருக்கும்.

கடலிலிருந்து வந்த மீன் விற்ற பணத்தில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். படகுப் பங்கைக் கூட்டினால் ஆள் பங்கு குறையும், மொத்தம் மாறாது. பிக்சல்களும் அப்படித்தான். ஒரு பங்கு நுணுக்கத்துக்குப் போகிறது, மறு பங்கு நிறத்தின் படிகளுக்குப் போகிறது. எந்த செட்டிங்கும் இரண்டையும் சேர்த்துக் கூட்டித் தராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செட்டிங் பக்கத்தின் முக்கால்வாசி விளங்கிவிடும்.

பாஸ்போர்ட் அளவுப் படத்தில் இதைப் பார்க்கலாம். அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45. 106 லைன் ஸ்கிரீனில் அந்த முகம் 146-க்கு 188 கட்டங்களாகிறது. படிகள் 33. அதே படத்தை 141 லைனில் அடித்தால் 194-க்கு 250 கட்டங்கள். கண்ணிமையும் காதோரமும் தெளிவாக வரும். படிகளோ 19-தான். நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வெளிச்சம் மெல்ல இறங்குகிற இடத்தில் அந்தப் பத்தொன்பது போதாது. வழுக்கிப் போக வேண்டிய நிழல் படிக்கட்டாகத் தெரியும். படிக்கட்டு தெரியாமலிருக்க ஏறக்குறைய நூறு படிகளாவது வேண்டும்.

1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரில் இந்த நெருக்கடி இன்னும் கடுமையாக இருந்தது. அதற்கு அங்குலத்துக்கு 300 பிக்சல்தான். 60 லைன் என்று கேட்டால் 45 பாகைச் சாய்வில் அது உண்மையில் தந்தது 53 லைன், 33 படி. அந்தக் காலத்து லேசர் அச்சில் ஃபோட்டோக்கள் செய்தித்தாளைவிடக் கொரகொரப்பாக இருந்ததற்கு இதுவே காரணம். செய்தித்தாள்களில் 85 லைன் வழக்கம், நல்ல ஆர்ட் தாளில் அடிக்கும் காலண்டர்களில் 150-க்கும் மேல்.

இன்றைய பிரிண்டர்கள் இந்த நெருக்கடியிலிருந்து கொஞ்சம் தப்பிக்கின்றன. லேசர் ஒளி ஒரு பிக்சலைக் கடக்கும் நேரத்தில் முழுவதும் எரியாமல் கால் பங்கு, அரைப் பங்கு என்று எரிந்து அணையும்படி செய்துவிட்டார்கள். ஒரு பிக்சலின் அகலத்தைப் பதினைந்து அளவுகளில் மாற்ற முடிந்தால், 18 பிக்சல் கொண்ட கட்டத்தில் வெள்ளையையும் சேர்த்துக் கணக்குப்படி 271 படிகள் கிடைக்கும். பிரிண்டர் பெட்டியின்மேல் 2400, 3600 என்று பெரிய எண்கள் போட்டு, உள்ளே சிறிய எழுத்தில் 600 என்றிருந்தால் பெரும்பாலும் இதுதான் விஷயம். அந்தப் பெரிய எண் பொய் இல்லை. ஆனால் அது எழுத்தின் கூர்மையைச் சொல்லவில்லை, நிறப் படிகளைச் சொல்கிறது. பிரிண்டர் வாங்குகிறவரிடம் இதை விளக்கிச் சொல்வது விற்பவரின் கடமை என்று நினைக்கிறேன்.

இந்தப் புள்ளிகள் கணினிக்கு வெகு காலம் முந்தியவை. ஃபோட்டோவை அச்சில் ஏற்ற வழி தெரியாமல் இருந்த காலத்தில், 1852-இலேயே இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணியை வைத்துப் பார்த்தார். 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் ஒரு ஃபோட்டோவை ஹாஃப்டோனில் அச்சிட்டது. ஜெர்மனியில் மைசன்பாக், அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஐவ்ஸ் என்று பலர் முறையைத் திருத்தினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் லெவி சகோதரர்கள் கண்ணாடியில் நுண்ணிய கோடுகள் கீறிய ஸ்கிரீன்களைச் செய்து விற்கத் தொடங்கியபின் அது உலகத் தொழிலாயிற்று.

ஆனால் அந்தக் கண்ணாடித் திரைக்குப் பின்னால் புள்ளி எப்படிப் பிறக்கிறது என்பதில் தொழிலாளிகளுக்குத் தெளிவில்லை. திரையைத் தகட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது, லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது எல்லாமே கைப்பழக்கம். அதைக் கணிதமாக்கிய சிலரில் முதன்மையானவர் கல்கத்தாவில் இருந்தார். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. 1863-இல் மைமன்சிங் பகுதியில் பிறந்தவர். எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அவருடைய பேரன். குழந்தைகளுக்காகத் தாம் எழுதிய ராமாயணத்துக்குப் போட்ட படங்கள் மரக்கட்டை பிளாக்கில் சிதைந்து வந்ததைப் பார்த்து மனம் வெறுத்தவர், இங்கிலாந்திலிருந்து கேமராவும் திரைகளும் வரவழைத்து 1895-இல் தாமே பிளாக் செய்யும் நிறுவனம் தொடங்கினார்.

அவர் கண்டு விளக்கியது இது. திரையின் ஒவ்வொரு கண்ணும் ஓர் ஊசித்துளைக் கேமரா. லென்ஸின் துளை என்ன வடிவில் இருக்கிறதோ அந்த வடிவம் ஒவ்வொரு கண் வழியாகவும் தகட்டில் சின்னப் பிம்பமாக விழுகிறது. வெளிச்சம் கூடும்போது பிம்பம் பருக்கிறது, குறையும்போது சுருங்குகிறது. அப்படியானால் திரைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம், கேமராவின் நீளம், துளையின் அளவு, திரைக்கண்ணின் அளவு எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 1897 முதல் லண்டனின் பென்ரோஸ் ஆண்டிதழில் இந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒளியின் விளிம்பு விலகல் புள்ளியை எப்படி மாற்றுகிறது, செங்குத்தாக வெட்டும் கோடுகளுக்குப் பதில் 60 பாகையில் வெட்டினால் என்ன ஆகும், லென்ஸில் ஒரே துளைக்குப் பதில் பல துளைகள் வைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் எழுதினார். திரையைச் சரியான தூரத்தில் நிறுத்தித் தரும் கருவி ஒன்றையும் வடிவமைத்தார். மகன் சுகுமார் ராய் 1911-இல் இங்கிலாந்து போய் இதே கலையைப் படித்தார். பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் விஞ்ஞானிகளான ராமனையும் போஸையும் படிக்கிறார்கள். கையில் பிடித்திருக்கும் அந்தப் பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இருக்கிற இந்த மனிதரையும் அவர்கள் அறிய வேண்டும்.

லேசர் பிரிண்டரில் கண்ணாடித் திரை இல்லை. அதற்குப் பதில் ஓர் எண் அட்டவணை இருக்கிறது. கட்டத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வரம்பு எண். படத்தின் அந்த இடம் எவ்வளவு கறுப்போ அந்த அளவு வரம்பைத் தாண்டினால் பிக்சல் நிரம்பும், இல்லையென்றால் காலியாக இருக்கும். நடுப் பிக்சல்களுக்குச் சிறிய எண்ணும் ஓரத்துக்குப் பெரிய எண்ணும் கொடுத்தால், கறுப்பு கூடக் கூட நடுவிலிருந்து புள்ளி பருத்துக்கொண்டே வரும். உபேந்திரகிஷோர் லென்ஸின் துளையை மாற்றிச் சாதித்ததை இங்கே எண்களை மாற்றிச் சாதிக்கிறார்கள்.

இனி வலைக்கு வரலாம். நான்கு நிறமும் நான்கு தனித் திரைகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஜெகதாப்பட்டினத்தைவிட நல்ல பரிசோதனைச்சாலை கிடைக்காது. துறைமுகத்துப் பக்கம் சின்னக் கண் வலை இரண்டு மடிப்பாகத் தொங்குகிற இடத்தில், வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி நின்று பாருங்கள். வலைக்கண்களைவிடப் பல மடங்கு பெரிய பட்டைகள் கருப்பும் வெளுப்புமாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் அவையும் ஓடும். வலை இல்லாத ஊர்க்காரர்கள் கொசுவலையை இரண்டாக மடித்துப் பார்க்கலாம். இந்தப் பட்டைகள் எந்த வலையிலும் இல்லை. இரண்டு ஒழுங்குகள் ஒத்துப்போகாமல் உரசும் இடத்தில் பிறக்கிறவை. அச்சுக்காரர்கள் இதை மொய்ரே என்பார்கள்.

ஒரு மடிப்பை மெல்லத் திருப்புங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும்போது பட்டைகள் அகலமாக இருக்கும். கோணம் கூடக் கூட அவை ஒடுங்கும். கணக்கு எளிது: இரண்டு திரைக்கும் கண் அளவு ஒன்றென்றால், கண் அளவைக் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் பட்டையின் அகலம். 150 லைன் திரையின் கண் 0.17 மில்லிமீட்டர். இரண்டு திரைகளுக்கு இடையே 5 பாகை என்றால் பட்டை 1.9 மில்லிமீட்டர், பார்க்கிற எவருக்கும் தெரியும். 15 பாகையில் 0.65. 30 பாகையில் 0.33, அது புள்ளிகளோடு புள்ளியாகக் கரைந்துவிடும். பட்டையை ஒழிக்க முடியாது, கண்ணுக்குத் தப்புகிற அளவுக்குச் சிறிதாக்கலாம், அவ்வளவுதான். ராலே பிரபு 1874-இலேயே இந்தப் பட்டைகளைக் கொண்டு நுண்கோட்டுக் கண்ணாடிகளின் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியிருந்தார். அச்சுக்காரருக்குத் தொல்லையாக இருப்பது அளவையியலாளருக்குக் கருவியாயிற்று.

சதுரக் கண் திரையை 90 பாகை திருப்பினால் பழையபடியே ஆகிவிடும். ஆகையால் நமக்குக் கிடைப்பது 90 பாகைதான். அதில் 30 பாகை இடைவெளியில் மூன்று நிறங்களைத்தான் வைக்க முடியும். நான்காவதற்கு இடமில்லை. கறுப்பு 45 பாகை, சியான் 15, மஜென்டா 75; மஞ்சளை 0 பாகையில் வைத்து, இரு பக்கமும் 15 பாகைதான் இடைவெளி என்ற குறையை ஏற்றுக்கொள்கிறார்கள். மஞ்சள் வெள்ளைத் தாளில் அவ்வளவாகத் தெரியாது என்பதால் அது தாங்கும். எல்லாவற்றையும்விடத் துலக்கமாகத் தெரிகிற கறுப்புக்கு 45 கொடுத்ததற்கும் காரணம் உண்டு. செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும்விடச் சாய்கோட்டைப் பார்ப்பதில் மனிதக் கண் சற்று மந்தம். வீட்டில் சிவகாசி தினக்காலண்டர் அட்டை இருந்தால் அதன் சாமி படத்தைச் செல்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து குட்டிக் குட்டி ரோஜாக்களாகச் சுற்றி நிற்பது தெரியும். கோணம் சரியாக விழுந்ததற்கு அதுதான் அடையாளம். அச்சுத் தகடு ஒன்று, இரண்டு பாகை பிசகினாலும் அந்த ரோஜா குலைந்துவிடும்.

லேசர் பிரிண்டருக்கு இதில் தனித் தலைவலி உண்டு. அதன் பிக்சல்கள் சதுரக் கட்டங்களில் நிற்பவை. சரியாக 15 பாகை திருப்பிய கோடு அந்தக் கட்டங்களின் மூலைகளில் எப்போதும் பொருந்தாது. மூன்று கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் மேலே என்று போனால் 18.4 பாகை வரும். அது பொருந்தும். பல பிரிண்டர்கள் இப்படிப் பொருந்துகிற கோணங்களையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் லைன் எண்ணிக்கையைச் சற்று மாற்றிப் பட்டைகளைச் சமாளிக்கின்றன. அதனால் உங்கள் பிரிண்டரின் நீலமும் கறுப்பும் ஒரே நுணுக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். அது பழுதல்ல.

இங்க்ஜெட் பிரிண்டர்கள் இந்தக் கோணத் தொல்லையே இல்லாமல் புள்ளிகளைச் சிதறவிட்டுத் தப்பிக்கின்றன. ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-இல் வெளியிட்ட முறையும் அதன் வழித்தோன்றல்களும் ஒவ்வொரு பிக்சலிலும் ஏற்பட்ட பிழையை அடுத்தடுத்த பிக்சல்களுக்குப் பகிர்ந்துகொடுக்கும். ஒழுங்கே இல்லாததால் பட்டையும் இல்லை. லேசரிலும் அதைச் செய்யலாமே என்றால், பொடி ஒத்துழைக்காது. இதைப் புரிந்துகொள்ளப் பிரிண்டருக்குள் போக வேண்டும்.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் செய்துகாட்டிய ஜெராக்ஸ் முறையும், 1960-களின் இறுதியில் கேரி ஸ்டார்க்வெதர் அதற்குள் லேசரை நுழைத்ததும்தான் இன்றைய பிரிண்டர். டிரம்மில் மின்னூட்டம் ஏற்றி, லேசரால் படத்தை வரைந்தால், வரைந்த இடத்தில் மட்டும் டோனர் பொடி ஒட்டும். அங்கிருந்து தாளுக்கு மின்புலத்தால் இழுத்து, ஃபியூசரில் சூடாக்கி உருக்கிப் பதிய வைக்கிறார்கள். டோனர் துகளின் அளவு 5 முதல் 10 மைக்ரான். பிக்சல் 42 மைக்ரான். லேசர் ஒளிப்பொட்டோ அதைவிடப் பெரிது, ஓரம் மங்கியது. தனியாக நிற்கும் ஒரு பிக்சலுக்கு வலுவான மின்பள்ளம் அமைவதில்லை. ஒரு முறை நான்கு துகள் ஒட்டும், மறுமுறை பத்து. ஒரு தாளில் வரும், அடுத்த தாளில் வராது. பிக்சல்கள் ஒன்றாகக் குவிந்து நின்றால் பள்ளம் ஆழமாகி, பொடி உறுதியாக உட்காரும். அதனால்தான் லேசர் பிரிண்டர் குவிந்த புள்ளியையும் சாய்கோடுகளையும் விரும்புகிறது.

கடற்கரை ஊர் இங்கேதான் குறுக்கே வருகிறது. டோனர் உராய்வால் மின்னூட்டம் பெறுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த மின்னூட்டம் குறையும். தாள் ஈரம் குடித்தால் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். டிரம்மிலிருந்து பொடியை இழுக்க வேண்டிய புலம் தாளின் வழியே கசிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும் நாட்களில் ஜெகதாப்பட்டினத்துக் கடையில் வெளிர் நிறங்கள் திட்டுத்திட்டாக வருவதற்கு, தோலின் நிறம் ஒரு தாளில் சிவந்தும் மறுதாளில் வெளிறியும் வருவதற்கு இது பெரிய காரணம். அந்த நேரத்தில் நுணுக்கமான ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை மோசமாகும். சிறு புள்ளிகள்தான் முதலில் சாகும். லைன் எண்ணிக்கை குறைந்த, புள்ளி பெரிதான செட்டிங் ஈரக்காற்றில் தாக்குப்பிடிக்கும். தாள் கட்டைப் பிரித்தபின் மிச்சத்தை உறையோடு மூடி வையுங்கள். தட்டில் ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். காலையில் பிரிண்டரை இயக்கியதும் கேலிப்ரேஷன் ஓடவிடுங்கள். அந்த நேரம் பிரிண்டர் தன் உள்ளிருக்கும் பெல்ட்டில் நிறச் சதுரங்களை அடித்து, உணரியால் அளந்து, அன்றைய காற்றுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அவசரத்தில் அதை நிறுத்துவது அன்று முழுவதும் தவறான நிறத்தில் அடிப்பதற்குச் சமம்.

இப்போது செட்டிங் பக்கம். எச்பி பிரிண்டர்களில் ஹாஃப்டோனுக்கு ஸ்மூத், டீடெய்ல் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வேறு சில நிறுவனங்கள் இதையே கிரேடேஷன், ரெசல்யூஷன் என்கின்றன. ஸ்மூத், கிரேடேஷன் இரண்டும் படிகளுக்குப் பங்கைக் கூட்டுகிறவை. முகம், வானம், கடல், பெரிய நிறப் பரப்பு ஆகியவற்றுக்கு. டீடெய்ல், ரெசல்யூஷன் இரண்டும் நுணுக்கத்துக்குப் பங்கைக் கூட்டுகிறவை. நிற எழுத்து, வரைபடம், மெல்லிய கோடுகளுக்கு. ‘டீடெய்ல்’ என்ற பெயரைப் பார்த்து அதுதான் உயர்ந்த தரம் என்று ஃபோட்டோவுக்கும் அதையே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. முகத்தில் படிக்கட்டு விழுவது அப்போதுதான்.

தமிழ் எழுத்துக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. முழுக் கறுப்பில் அடிக்கும் எழுத்துக்கு ஹாஃப்டோன் கிடையாது. மற்ற நிறங்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. அழைப்பிதழ்களில் எல்லோரும் விரும்புகிற அரக்கு நிறமும் பழுப்பும் சாம்பலும் புள்ளிகளால் ஆனவை. எட்டுப் பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளியின் விட்டம் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். 106 லைன் திரையின் ஒரு கட்டம் 0.24 மில்லிமீட்டர். ஒரே ஒரு கட்டத்தின் அளவில் இருக்கும் அந்தப் புள்ளி, திரை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து வரும் அல்லது பாதியாகிப் போகும். ரோமன் எழுத்தில் ‘ஐ’யின் மேற்புள்ளி போனாலும் வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும்; பட்டம் பட்டமாகவே இராது. ஆகவே சிறிய எழுத்தைக் கறுப்பில் போடுங்கள். நிறம் வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்கி, எழுத்துக்கான ஹாஃப்டோனை டீடெய்லில் வையுங்கள். சாம்பலும் கறுப்பும் கறுப்புப் பொடியால் மட்டும் வரட்டும் என்ற தேர்வும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதை எழுத்துக்குத் தேர்ந்தெடுத்தால் நான்கு நிறமும் இம்மி விலகி எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கிற தொல்லை போய்விடும்.

எழுத்துக்கு ஒன்று, ஃபோட்டோவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்க நல்ல டிரைவர்கள் இடம் தருகின்றன. ஒரே தாளில் பிரிண்டர் இரண்டையும் பிரித்தறிந்து இரண்டு திரைகளைப் போடும். ஆனால் அதற்கு எழுத்து எழுத்தாகவே வந்து சேர வேண்டும். இன்று அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் ஜேபெக் படமாக வருகிறது. பிரிண்டரின் கண்ணுக்கு அந்தத் தாள் முழுவதும் ஒரே ஃபோட்டோ. எழுத்தையும் ஃபோட்டோவின் திரையிலேயே போட்டு அரைக்கிறது. போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியும் இருக்கும். எந்த செட்டிங்காலும் இதைச் சரிசெய்ய முடியாது. வடிவமைத்தவரிடமிருந்து பிடிஎஃப் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் இதற்காகக் கொஞ்சம் வற்புறுத்தினாலும் தவறில்லை.

எல்லாவற்றிலும் கடினமான வேலை கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் படம் என்று வீட்டார் கொண்டுவருவது பல நேரம் பழைய செய்தித்தாள் துண்டு, அல்லது என்றோ ஒரு கல்யாணத்துக்கு அடித்த அழைப்பிதழ். அதில் ஏற்கெனவே ஒரு வலை இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து அடிக்கும்போது பிரிண்டர் தன் வலையை அதன்மேல் போடுகிறது. செய்தித்தாளின் கறுப்பு 85 லைன், 45 பாகை. பிரிண்டரின் கறுப்பு 106 லைன், அதே 45 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் 21 லைன், 1.2 மில்லிமீட்டருக்கு ஒரு பட்டை முகத்தின்மேல் கட்டம்கட்டமாக விழும். கலர் அழைப்பிதழ் என்றால் நான்கு வலைகள்மேல் நான்கு வலைகள்.

இதற்கு வழி இருக்கிறது. பழைய வலையை முதலில் கலைத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஸ்கேனரில் டீஸ்கிரீன் என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்யுங்கள், 300-இல் வேண்டாம். 85 லைன் படத்தில் ஒரு கட்டம் அப்போது ஏழு பிக்சல் அகலம் இருக்கும். அந்த ஏழு பிக்சலும் ஒன்றாகக் கலக்கிற அளவுக்குப் படத்தை மங்கலாக்குங்கள். புள்ளிகள் மறைந்து நிழல் திரும்பி வரும். பிறகு பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்துக்கு 200-ஆகக் குறைத்து, கண்களிலும் வாயோரத்திலும் மட்டும் கொஞ்சம் கூர்மை ஏற்றி, ஸ்மூத்தில் அடியுங்கள். புள்ளிகளுக்கு இடையே தொலைந்த விவரம் திரும்பாது, ஆனால் முகம் திரும்பும்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுவிடுவது நல்லது: வீட்டில் ஸ்டூடியோவில் எடுத்த அசல் படம் இருக்கிறதா? பழைய ஃபோட்டோத் தாளில் திரை கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகள்களும், கலர் படத்தில் சாயமும்தான் இருக்கும். வெளிறியிருந்தாலும் மடிந்திருந்தாலும் அது எந்த அச்சுப் பிரதியையும்விட மேல். வெளியூரில் உறவினர் ஆல்பத்தில் இருக்கிறது என்றால், அதை நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.